தோட்டத்தின் மேல் ஓடும் கம்பி பேசும். அது ஊமையானால் யாருக்குத் தெரியும்?

செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உயர்மின் கோபுரங்கள் புதிதல்ல. தோட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் கம்பிகளுக்குக் கீழே அகலமான ஒரு பட்டைக்கு மரமே இருக்காது. ‘ரெந்திஸ்’ என்று எல்லாரும் சொல்லும் அந்த இடத்தைக் குத்தகையாள்கள் அவ்வப்போது வந்து வெட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். மரம் உயர்ந்து கம்பியை நெருங்கினால் ஆபத்து என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். பலருக்கும் தெரியாதது வேறொன்று. அந்தக் கம்பிகள் மின்சாரத்தை மட்டும் சுமப்பவை அல்ல. உலகின் பல மின்கட்டமைப்புகளில் அதே கம்பி செய்தியையும் சுமக்கிறது.

அப்படிப்பட்ட கம்பியை ஓர் அடையாளத்தால் கண்டுகொள்ளலாம். பெரிய துணைமின் நிலையத்துக்குள் கம்பி இறங்கும் இடத்தில், பீப்பாய் அளவில் ஒரு கம்பிச்சுருள் தொங்கும். சில இடங்களில் தூண் மேல் நிற்கும். மூன்று கம்பிகளில் ஒன்றில் மட்டும் இருப்பதும் உண்டு. அதற்கு லைன் டிராப் என்று பெயர். வெளியிலிருந்து கம்பி வழி வரும் செய்தி, நிலையத்துக்குள் சிதறி வீணாகாமல் தடுப்பது அதன் வேலை.

ஒரே கம்பியில் மின்சாரமும் செய்தியும் எப்படிச் சேர்ந்து போகும்? திருவிழாவில் உருமியும் நாதஸ்வரமும் ஒரே நேரத்தில் ஒலித்தாலும் காது இரண்டையும் பிரித்துக் கேட்கிறது அல்லவா, அதுபோலத்தான். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அதன் மேல் ஏற்றப்படும் செய்தி அலையோ வினாடிக்குப் பல்லாயிரம் முதல் சில லட்சம் முறை வரை அலைகிறது. இந்த இரண்டையும் பிரிக்க நிலையத்தில் கப்பாசிட்டரும் சுருளும் இருக்கின்றன. கப்பாசிட்டர் நாதஸ்வரத்தை விட்டு உருமியைத் தடுக்கும். லைன் டிராப் உருமியை விட்டு நாதஸ்வரத்தைத் தடுக்கும். செய்தியை அனுப்பும் பெட்டியைத் துறைக்காரர்கள் ‘கேரியர்’ என்பார்கள். அதன் சக்தி பெரும்பாலும் 10 வாட் முதல் சில பத்து வாட் வரைதான். ஒரு சிறு எல்.இ.டி. விளக்கின் அளவு. அந்தச் சிறு சக்தி 275 கிலோவோல்ட் கம்பியின் மேல் ஏறிப் பல கிலோமீட்டர் தாண்டி அடுத்த நிலையத்தில் கேட்கிறது.

என்ன பேசுகிறது? ஒரு காலத்தில் நிலையத்துக்கு நிலையம் தொலைபேசிப் பேச்சே இதில் போனது. இன்று அதில் போகும் மிக முக்கியமான செய்தி ஒரு சொல்தான்: ‘வெட்டு’ அல்லது ‘வெட்டாதே’.

கம்பியில் மரம் சாய்ந்தாலோ மின்னல் விழுந்தாலோ, இரு முனைகளிலும் உள்ள பிரேக்கர்கள் உடனே கம்பியைத் துண்டிக்க வேண்டும். கோளாறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முனையிலும் உள்ள ரிலே தானே கணக்கிடும். ஆனால் அந்தக் கணக்குக் கம்பியின் நீளத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு வரைதான் நம்பகமானது. கடைசிப் பகுதியில் நடப்பது தன் கம்பியிலா, அல்லது எதிர்முனை நிலையத்தையும் தாண்டி அடுத்த கம்பியிலா என்று அந்த ரிலேவால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எதிர்முனையைக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். கேட்க வழியில்லை என்றால், சந்தேகத்தோடு வினாடியில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ காத்திருக்க வேண்டும். அரை வினாடி நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பெரிய மின்கட்டமைப்பு நிலைகுலைய அது போதும்.

மலேசியர்களுக்கு இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. 1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை மாலை, திரெங்கானு பாக்கா பக்கம் ஒரு கம்பி துண்டிக்கப்பட்டதில் தொடங்கித் தீபகற்பம் முழுவதும் இருளில் மூழ்கியது. அதற்குக் கேரியர் கருவிதான் காரணம் என்று இங்கே சொல்லவில்லை. ஒரு கம்பியில் தொடங்குவது எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு அது சாட்சி.

இனி, சிக்கல் எங்கே என்று பார்க்கலாம். கேரியர் பேசும் முறை இரண்டு வகை.

முதல் வகைக் கருவி எந்நேரமும் ஒரு மெல்லிய ஒலியை அனுப்பிக்கொண்டே இருக்கும். ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்பதுதான் அதன் பொருள். வெட்டும் கட்டளை வரும்போது ஒலி வேறு அலைவரிசைக்கு மாறும். வழக்கமான ஒலி நின்றாலே எதிர்முனைக்கு ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வகை, வட அமெரிக்காவில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது, வாயே திறக்காது. மாதக்கணக்கில் ஊமையாக இருக்கும். கோளாறு தனக்குப் பின்பக்கம், அதாவது வேறொரு கம்பியில் நடந்திருப்பதைக் கண்டால் மட்டும் எதிர்முனைக்கு ‘வெட்டாதே, இது நம் கம்பி அல்ல’ என்று கத்தும். எதிர்முனை ஏறத்தாழ 20 மில்லிவினாடி காத்துப் பார்க்கும். சத்தம் வந்தால் சும்மா இருக்கும். வரவில்லை என்றால் வெட்டிவிடும்.

ஊமையாக இருப்பதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. தன் கம்பியிலேயே மரம் விழுந்து அது அறுந்து கிடந்தால் அதன் வழியே செய்தி போகாது. இந்த முறையில் போகவும் வேண்டியதில்லை. அமைதி என்றாலே ‘வெட்டு’ என்றுதான் பொருள். ஆனால் அதே யோசனைதான் வம்பையும் கொண்டுவருகிறது. கருவி செத்துப் போயிருந்தாலும் அமைதிதான். நலமாக இருக்கும் அமைதிக்கும் செத்துப்போன அமைதிக்கும் வேறுபாடு தெரியாது. பக்கத்துக் கம்பியில் மின்னல் விழும் நாளில், ‘வெட்டாதே’ என்று கத்த வேண்டியவன் கத்தாமல் போக, ஒரு பழுதும் இல்லாத நல்ல கம்பியும் சேர்ந்து துண்டிக்கப்படும். ஒரு கம்பியை இழந்து ஏற்கெனவே தடுமாறும் கட்டமைப்பு, புயல் நேரத்தில் இரண்டாவதையும் இழக்கும். காப்பாற்ற வைத்த கருவியே காலை வாரும் வேலை இது.

முன்பெல்லாம் இதற்கு ஆளை வைத்துத்தான் சோதித்தார்கள். ஒருவர் இந்த நிலையத்தில் பொத்தானை அழுத்துவார். இன்னொருவர் அந்த நிலையத்தில் மீட்டரைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்வார். ஆள் வராத நாள், விடுமுறை நாள், மழை நாள் எல்லாம் சோதனை இல்லாத நாள்கள். சுயசோதனை வந்தது இதற்காகத்தான். அமெரிக்கப் பொறியாளர்கள் இதை ‘செக்பேக்’ என்பார்கள்.

நடப்பது எளிமையானது. ஒரு முனை தலைமை, மறுமுனை துணை. குறித்த நேரத்தில் தலைமைக் கருவி, முன்பே ஒப்புக்கொண்ட குறியீடு ஒன்றை அனுப்பும். துணைக் கருவி அதைப் புரிந்துகொண்டு, சற்றுப் பொறுத்துப் பதில் குறியீடு அனுப்பும். பதில் வந்தால் போகும் வழியும் வரும் வழியும் நலம். வராவிட்டால் அலாரம். சில வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

கருவியை வாங்கிப் பொருத்தினால் இது தானாக நடந்துவிடும் என்று நினைப்பது தவறு. செட்டிங்கில்தான் விஷயமே இருக்கிறது. முதலாவது, யார் தலைமை என்பது. இரண்டு முனையையும் தலைமையாக வைத்துவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருவர் பேச்சும் மற்றவருக்குக் கேட்காது. நடுவில் கிளை பிரிந்து மூன்று நிலையங்களைச் சேரும் கம்பி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தாக வேண்டும். இல்லையேல் ஒரு நிலையம் சொன்ன பதிலை இன்னொன்றின் பதிலாக எடுத்துக்கொண்டு, செத்துக் கிடக்கும் மூன்றாவதையும் உயிரோடு இருப்பதாகக் கருவி எழுதிவைக்கும்.

அடுத்தது, எத்தனை முறை சோதிப்பது என்பது. இதற்குக் கணக்கு உண்டு. மாதம் ஒருமுறை சோதித்தால், சோதனை முடிந்த மறுநாளே கருவி பழுதானாலும் அடுத்த மாதம் வரை யாருக்கும் தெரியாது. சராசரியாகப் பதினைந்து நாள் கண்கட்டிய நிலைதான். நாளுக்கு ஒருமுறை என்றால் அது பன்னிரண்டு மணி நேரமாகக் குறையும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் நான்கு மணி நேரம். அப்படியானால் நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கலாமே என்று தோன்றும். கூடாது. ‘வெட்டாதே’ முறையில் சோதனைக் குறியீடும் கேரியர் சத்தம்தான். சோதனை ஓடிக்கொண்டிருக்கும் அந்த வினாடியில் உண்மையிலேயே மரம் விழுந்தால், எதிர்முனை சோதனைச் சத்தத்தை ‘வெட்டாதே’ என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். ஆகவே ரிலேயின் கட்டளை வந்த அதே கணத்தில் சோதனை கைவிடப்பட வேண்டும். எந்தக் கருவியிலும் முதலில் உறுதிசெய்ய வேண்டிய முன்னுரிமை இதுதான். ஆனாலும் தேவைக்கு மேல் சோதிக்காமல் இருப்பதே நல்லது.

எந்த நேரத்தில் சோதிப்பது என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. காலை பத்து மணிக்கு வெயில் அடிக்கும்போது சோதித்தால் எல்லாக் கம்பியும் நலமாகத்தான் தெரியும். மழையில் நனைந்த கம்பியிலும் அழுக்குப் படிந்த இன்சுலேட்டரிலும் மின்பொறி இரைச்சல் கூடும்; செய்தி அதில் அமுங்கும். நம் பகுதியில் பிற்பகலுக்குப் பின் இடியும் மழையும் வரும் பருவத்தை அறியாதவர் இல்லை. கருவி தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான். ஒரு நாளில் மூன்று முறை சோதிப்பதானால் ஒன்றை மாலை நேரத்தில் வைப்பதே அறிவு.

வெயில் நாளிலேயே மழை நாளுக்கான சோதனையைச் செய்ய ஒரு வழியும் உண்டு. 10 வாட்டில் பேசும் கருவியைச் சோதனையின்போது 1 வாட்டில் பேசவைப்பார்கள். பத்தில் ஒரு பங்குச் சத்தம். அதுவும் எதிர்முனையில் கேட்டால், மழை நாளில் முழுச் சத்தம் கேட்கும் என்று நம்பலாம். குறைந்த சக்தியில் தோற்று, முழுச் சக்தியில் வென்றால் கருவி இன்னும் சாகவில்லை, ஆனால் ஏதோ தேய்கிறது என்று பொருள். கேபிளில் ஈரம் இறங்கியிருக்கலாம். இணைப்புப் பெட்டியில் பாகம் ஒன்று நழுவியிருக்கலாம். முழுப் பழுதாவதற்கு முன்பே ஆள் போய்ச் சரிசெய்ய முடியும். சுயசோதனையில் கிடைக்கும் மிகப் பெரிய ஆதாயம் இது. ஆனால் குறைந்த சக்திச் சோதனையை அமைப்பில் அணைத்துவைத்துவிட்டால் அது கிடைக்காது.

ஒருமுறை தோற்றதும் அலாரம் அடிக்கலாமா? பக்கத்தில் மின்னல் ஒன்று விழுந்தாலே ஒரு சோதனை கெட்டுப்போகும். ஒவ்வொன்றுக்கும் அலாரம் அடித்தால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் நான்காம் நாளிலிருந்து அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். புலி வருது புலி வருது கதைதான். எனவே சில முறை திரும்ப முயலவைத்து, தொடர்ந்து தோற்றால் மட்டும் அலாரம் என்று அமைப்பது வழக்கம். அதே நேரம் ஒவ்வொரு தோல்வியும் நாளும் நேரமும் குறித்துப் பதிவாக வேண்டும். முதல் முயற்சியிலேயே வென்றுகொண்டிருந்த கம்பி, ஒரு மாதமாக மூன்றாவது முயற்சியில்தான் வெல்கிறது என்றால் அதைச் சொல்வது அலாரம் அல்ல, அந்தப் பதிவேடு.

கடைசியாக, அலாரம் எங்கே போய்ச் சேர்கிறது? ஆளில்லாத நிலையத்தில் பெட்டியின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் பார்ப்பதற்கு அங்கே காக்கைதான் இருக்கும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்தது இதற்குப் பெரிய பாடம். அங்கேயும் தொடக்கம், வெட்டப்படாத மரங்களில் உயர்மின் கம்பிகள் உரசியதுதான். ஆனால் அதற்கு முன்பே அந்த மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் காட்டும் மென்பொருள் செயலிழந்திருந்தது. திரை அமைதியாக இருந்ததால் எல்லாம் நலம் என்றே பணியாளர்கள் நினைத்தார்கள். கம்பிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஊமைக் கேரியரின் கதைதான் இங்கேயும்; அமைதியைப் பார்த்து நலம் என்று நம்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அமெரிக்காவில் மின்கட்டமைப்புத் தரவிதிகள் கட்டாயமாக்கப்பட்டன. அவற்றில் பாதுகாப்புக் கருவிப் பராமரிப்பு பற்றிய விதி, சுயசோதனையின் மதிப்பை எண்ணிலேயே சொல்லிவிடுகிறது. தன்னைத்தானே கண்காணிக்காத தொடர்புக் கருவி என்றால், வேலை செய்கிறதா என்று 4 மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தானாகச் சோதித்துக்கொண்டு, பழுதானால் அலாரம் அனுப்பும் கருவி என்றால் பராமரிப்புச் சோதனைக்கான இடைவெளி 12 ஆண்டு. 4 மாதம் எங்கே, 12 ஆண்டு எங்கே! நிறுவனங்களுக்கு ஆள்கூலி மிச்சம் என்பதால் சுயசோதனை வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பழுது தெரிந்த 24 மணி நேரத்துக்குள், நடவடிக்கை எடுக்கக்கூடிய இடத்துக்கு அலாரம் போய்ச் சேர வேண்டும். காக்கை பார்க்கும் சிவப்பு விளக்கு கணக்கில் வராது.

சுயசோதனை எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்றும் நம்பக்கூடாது. இணைப்புப் பெட்டிக்குள் அதிக மின்னழுத்தத்தைத் தரைக்கு வெளியேற்றும் சிறிய இடைவெளி ஒன்று இருக்கும். அது தேய்ந்திருந்தால், கோளாறு நடக்கும் அதே கணத்தில் பொறி பாய்ந்து, கேரியர் சத்தத்தைச் சில மில்லிவினாடி விழுங்கிவிடும். ‘வெட்டாதே’ என்ற சொல்லில் நடுவே ஓட்டை விழுந்தால் எதிர்முனை வெட்டிவிடும். அமைதியான நேரத்தில் நூறு முறை சோதித்தாலும் இது அகப்படாது. பிரேக்கரை இயக்கும் பேட்டரி, அதன் சுருள், ரிலேயில் யாரோ தவறாகப் பதிந்த எண் ஆகியவையும் இந்தச் சோதனையின் எல்லைக்கு வெளியே இருப்பவை. அதனால்தான் 12 ஆண்டு என்று இடைவெளி விட்ட இடத்திலும் ஆள் போவது முழுதாக நிற்கவில்லை.

மலேசியாவில் உயர்மின் கோபுரங்களின் உச்சிக் கம்பிக்குள் ஒளியிழை ஓடும் தடங்கள் இப்போது பல. அங்கே செய்தி ஒளியாகப் போகிறது. ஒளியிழைத் தொடர்பு அறுந்தால் உடனே தெரியும் என்பது அதன் பெரிய வசதி. ஆனாலும் வெட்டும் கட்டளை இந்த முனையில் புறப்பட்டு அந்த முனையில் வெளிவருகிறதா என்ற சோதனை அங்கும் வேண்டும். தலைமை, இடைவெளி, முன்னுரிமை, அலாரம் என்ற அதே கேள்விகள் அங்கும் வரும். தொழிற்கல்லூரியில் மின்துறை படித்து, சார்ஜ்மேன் தகுதிக்குத் தயாராகும் நம் இளைஞர்கள் நேர்முகத்தில் இதைப் பற்றி இரண்டு வார்த்தை தெளிவாகச் சொல்ல முடிந்தால் நல்லது.

கோபுரம் வரை போகாமல், வீட்டிலேயே இதே வகைக் கருவி ஒன்று இருக்கிறது. மின்பெட்டியில் சிறிய பொத்தானுடன் இருக்கும் ஆர்.சி.சி.பி. அதுவும் ஊமைக் காவல்காரன்தான். மின்கசிவு ஏற்பட்டு ஒருவர் உடலில் மின்சாரம் பாயும் கணம் வரை அது எதுவும் செய்யாது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்து உள்ளே இறுகிப் போயிருந்தால் வெளியே தெரியவும் தெரியாது. நம் வீடுகளில் உள்ள சாதாரண ஆர்.சி.சி.பி.க்குச் சுயசோதனை கிடையாது. கேரியர் கருவிக்குத் தலைமை முனை செய்யும் வேலையை இங்கே வீட்டில் உள்ள ஒருவர்தான் செய்ய வேண்டும்.

மாதம் ஒருமுறை போதும். கணினி போன்றவற்றை முதலில் அணைத்துவிட்டு, ‘டி’ என்று குறித்த பொத்தானை அழுத்த வேண்டும். சுவிட்ச் உடனே கீழே விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். பிறகு மேலே தள்ளிவிடலாம். குளியலறைச் சுடுநீர்க் கருவிக்குத் தனியாக 10 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதையும் இப்படியே அழுத்திப் பார்க்க வேண்டும். பழைய லயத்து வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் அது இருக்கிறதா என்பதையே முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. பொத்தானை அழுத்தியும் சுவிட்ச் விழவில்லை என்றால், மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டிராமல் பதிவுபெற்ற வயர்மேனை அழைக்க வேண்டும்; அவர் வந்து மாற்றும்வரை சுடுநீர்க் கருவியைத் தொடக்கூடாது. இந்தப் பொத்தானும் பெட்டிக்குள் இருக்கும் கருவியைத்தான் சோதிக்கிறது. எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. வயர்மேன் வந்த கையோடு அதையும் அளந்து பார்க்கச் சொல்லலாம்.